எம்.ஆர்.ஐ எடுத்து வந்தாப்பிறகு காது கூட இரையுதா? இதை வாசிச்சிட்டு படுங்கோ

ஏற்கனவே காதுக்குள்ள கீஈஈ எண்டு கேட்டுக்கொண்டிருக்கிற ஆக்கள் எம்.ஆர்.ஐ மெசினுக்குள்ள போய் வந்தா அந்தச் சத்தம் கூடுறது நடக்கிற விசயம்தான், உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை, அதால முதல்ல மூச்சை விடுங்கோ. கனபேருக்கு இது சில மணித்தியாலத்திலயோ சில நாளிலயோ, இழுபட்டா ஒண்டு ரெண்டு கிழமையிலயோ பழைய அளவுக்கு இறங்கிடும். ஆனா "இறங்கிடும்தானே" எண்டுபோட்டு எல்லாரும் சும்மா இருக்கவும் ஏலாது, ஏனெண்டா கொஞ்சப்பேருக்கு இரைச்சலோட சேர்ந்து கேள்வியும், அதாவது காது கேக்கிற திறனும், குறைஞ்சிருக்கும், அதுக்கு மருந்து இருக்கு, அந்த மருந்துக்கு நேரக்கெடுவும் இருக்கு. அந்தக் கொஞ்சப்பேரில நீங்களும் ஒராளோ எண்டு கெதியா பாத்து முடிக்கிறது, இல்லையெண்டு தெரிஞ்சாப்பிறகு அந்தச் சத்தத்தை காவல் காக்காம விடுறது, இந்த ரெண்டும்தான் வேலை. ரெண்டாவதுதான் கஸ்டமானது. நான் டொக்டர் இல்லை, இரைச்சலோட கனகாலமா குடியிருக்கிற ஆள், கழுத்துக்கு ஸ்கேன் எடுத்து இந்த அந்தரத்தை பட்டும் இருக்கிறன்.

அந்த மெசின் ஏன் அப்பிடிக் கத்துது

பெரிய காந்தம் சத்தம் போடுறதில்லை, அதுக்குள்ள இருக்கிற கிரேடியன்ட் கொயில் எண்ட சுருள்தான் போடுறது. படம் எடுக்கேக்க அந்தச் சுருளுக்குள்ள கரண்ட் ஒரு செக்கனுக்கு எத்தினையோ தரம் மாறி மாறி ஓடும், காந்தப்புலத்துக்குள்ள கரண்ட் ஓடினா விசை வரும், அந்த விசையில சுருள் அதிரும், அந்த அதிர்வுதான் டக் டக் டக், பேஏஏ எண்டு கேக்கிறது. 1.5 டெஸ்லா (டெஸ்லா எண்டது காந்தத்தின்ர பலத்தை அளக்கிற அலகு) மெசினை விட 3 டெஸ்லா பொதுவா சத்தம் கூட, ஒரே மெசினிலயும் ஒவ்வொரு படத்துக்கு ஒவ்வொரு சத்தம், மூளைக்கு எடுக்கிற டிஃபியூசன் படம் எல்லாத்திலயும் மோசமான வகையில ஒண்டு. 100 டெசிபலை சும்மா தாண்டும், சில வேளை 120க்கு கிட்டவும் போகும். வேலைத்தளங்களுக்கு அமெரிக்காவின்ர நியோஷ் நிறுவனம் வைச்ச கணக்கில காதுக்குப் பாதுகாப்பு இல்லாம ஒரு நாளைக்கு இருக்கக்கூடியது 85 டெசிபல் எண்டா 8 மணித்தியாலம், 100 டெசிபல் எண்டா வெறும் 15 நிமிசம்தான். ஒரு ஸ்கேன் அரைமணித்தியாலம் முக்கால் மணித்தியாலம் போகும். அதாலதான் 99 டெசிபலுக்கு மேல போற ஸ்கேனுக்கு காதுப் பாதுகாப்பு கட்டாயம் எண்டு சர்வதேச தரவிதியே சொல்லுது.

இதில ஒரு பகிடி என்னெண்டா, ஒரு காதில மட்டும் இரைச்சல் எண்டு போனா காது நரம்பில கட்டி ஏதும் இருக்கோ எண்டு பாக்க ஈஎன்டி (காது, மூக்கு, தொண்டை) டொக்டரே எம்.ஆர்.ஐக்குத்தான் எழுதுவார். இரையுற காதை அதை விட இரைச்சலான மெசினுக்குள்ள வைச்சுப் பாக்கிறது. வேற நல்ல வழி இல்லை, அதால அவரைப் பேசியும் பிரியோசனமில்லை.

ஸ்கேனுக்கு முதல் காதுக்குள்ள செருகிற ஃபோம் ப்ளக் ஒழுங்கா உள்ள போயிருந்தா 25, 30 டெசிபல் குறைக்கும். ஒழுங்கா எண்டதுதான் பிரச்சினை. காதுவாசலில சும்மா செருகி வைச்சா அதில பாதி கூட குறையாது. சில இடங்களில ப்ளக்கும் இல்லாம ஒரு பழைய ஹெட்ஃபோனை மட்டும் மாட்டி பாட்டை போட்டு விட்டுடுவினம்.

முதல் நாள்: கேள்வி குறைஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ

இரைச்சலை விடுங்கோ, கேள்வியைப் பாருங்கோ. போனை ஒரு காதில வைச்சு கதைச்சுட்டு மற்றக் காதுக்கு மாத்துங்கோ, ஒரு பக்கம் மங்கலா, டப்பாக்குள்ள கேக்கிற மாதிரி, இல்லாட்டி பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கோ? காதுக்குப் பக்கத்தில விரலை உரசிப் பாருங்கோ. பிறகு வாயை மூடிக்கொண்டு ம்ம்ம்ம் எண்டு முனகிப் பாருங்கோ. அடைச்ச காதில முனகல் கூடக் கேட்டா அனேகமா குறும்பி மாதிரி வெளிப்பக்கத்து அடைப்பு, நல்ல காதில கூடக் கேட்டா உள்காதில விசயம் இருக்கலாம், அப்ப ஓடவேணும். இது வீட்டில பாக்கிற ஒரு துப்பு மட்டும்தான், இதை வைச்சு "எனக்கு ஒண்டுமில்லை" எண்டு முடிவெடுக்கிறேல்லை.

ஒரு காது திடீரெண்டு, அதாவது 3 நாளுக்குள்ள, வடிவா குறைஞ்சிட்டுதெண்டா அது அவசரம். ஸ்டீரோய்ட் குடுக்கிறது வழமை, முதல் 2 கிழமைக்குள்ள துடங்கினாத்தான் நல்ல பலன் எண்டு சொல்லுறது, அதிலயும் எவ்வளவு கெதியோ அவ்வளவு நல்லம். இங்கதான் எங்கட ஆக்கள் பிழை விடுறது. "இன்ன டொக்டர்தான் கெட்டிக்காரர்" எண்டு அவருக்கு சனல் பண்ணி (பிரைவேட்டில நம்பர் எடுத்து), அவற்ற நம்பர் வாற கிழமை எண்டா வாற கிழமை மட்டும் காத்திருந்து, நடுவில ஒரு போயா லீவும் வந்து, 10 நாள் போயிடும். பேர்போனவர் தேவையில்லை, எந்த ஈஎன்டி முதல்ல கிடைக்கிறாரோ அவரிட்டப் போங்கோ. பிரைவேட்டில நம்பர் இல்லையெண்டா விடிய வெள்ளனவா பெரியாஸ்பத்திரி ஓபிடிக்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) போய் "நேற்று ஸ்கேன் எடுத்தன், அதுக்குப்பிறகு ஒரு காது கேக்கேல்லை" எண்டு அந்த ஒரு வசனத்தை சொல்லுங்கோ. காதிரைச்சல் எண்டு மட்டும் சொன்னா விற்றமின் எழுதி அனுப்பிவிடக்கூடும். சீனி வருத்தக்காரர் அதையும் முதலே சொல்லவேணும், ஸ்டீரோய்ட் சீனியை ஏத்தும்.

தலை சுத்தி நிக்கவே ஏலாம இருக்கு, முகம் ஒரு பக்கம் இழுக்குது, கதை குழறுது, கை கால் சோருது எண்டா ஈஎன்டி எண்டெல்லாம் யோசிக்காம இலங்கையில 1990க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்பியுலன்ஸ் வரும், காசில்லை. நாடித்துடிப்போட சேர்ந்து டும் டும் எண்டு கேக்கிற இரைச்சல், காதால சீழ் வாறது, இதுகளும் டொக்டரிட்ட காட்டவேண்டிய சாமான்கள்தான்.

கேள்வி குறையேல்லை, சத்தம் மட்டும்தான் கூட எண்டாலும் ஒரு கிழமை ரெண்டு கிழமையில இறங்காட்டி ஒடியோகிராம் ஒண்டு எடுத்து வைக்கிறது நல்லம். சத்தமில்லாத சின்ன அறைக்குள்ள இருத்தி, பீப் கேட்டா பட்டனை அமத்தச் சொல்லுவினம், அவ்வளவுதான், நோகாது. சத்தத்தால அடிபட்ட காதெண்டா 3000, 4000, 6000 ஹேர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் தெரியும். பேப்பரை எறியாதேங்கோ, பிறகு ஒப்பிட்டுப் பாக்க அதுதான் உதவும். காது மெசின் விக்கிற கடையளிலயும் டெஸ்ட் செய்வினம், ரிசல்ட்டை எடுங்கோ, மெசின் வாங்குற முடிவை ஈஎன்டியைக் கண்டாப்பிறகு எடுங்கோ.

எல்லாம் சத்தத்தால வந்ததெண்டு நினைக்காதேங்கோ

இதை ஆரும் பெரிசா சொல்லுறேல்லை, அதால கொஞ்சம் நிண்டு சொல்லுறன்.

ஒண்டு குறும்பி. ப்ளக்கை உள்ள தள்ளேக்க காதுக்குள்ள இருந்த குறும்பியும் சேர்ந்து உள்ள போய் அடைச்சிருக்கலாம், வெளிச்சத்தம் குறைஞ்சா உள்சத்தம் எடுபடும், அவ்வளவுதான் கதை. டொக்டர் லைட் அடிச்சுப் பாத்தா ஒரு நிமிசத்தில தெரியும். ஆனா எடுக்கேக்க கவனம், அந்த உறிஞ்சுற மெசினும் காதுக்குக் கிட்ட நல்ல சத்தம் போடும், "இரைச்சல் இருக்கு டொக்டர், கையால எடுக்க ஏலுமோ" எண்டு கேளுங்கோ. நீங்களா பட்ஸ் விட்டுக் கிண்டவேண்டாம். அம்மம்மா உள்ளி போட்டு நல்லெண்ணெய் காய்ச்சிக் கொண்டு வருவா, அவவின்ர அன்பை வாங்குங்கோ, எண்ணெயை காதுக்குள்ள வாங்காதேங்கோ.

மற்றது கழுத்தும் நாடியும் (தாடை). அந்தக் குழாய்க்குள்ள அரைமணித்தியாலம் அசையாம, பயத்தில பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தா நாடித் தசையும் கழுத்துத் தசையும் இறுகும். அந்த நரம்புகள் மூளைத்தண்டில கேள்வி நரம்போட சந்திக்கிற இடங்கள் இருக்கு, அதால தசை இறுகினா இரைச்சல் மாறும். பல்லை இறுக்கிக் கடிச்சுப் பாருங்கோ, நெத்தியை கையால தள்ளி தலையால எதிர்த்துப் பாருங்கோ, சத்தம் கூடிக் குறையுதெண்டா கழுத்துக்கும் இதில பங்கு இருக்கலாம். சுடுதண்ணி ஒத்தடம், மெதுவா கழுத்தைத் திருப்பிற எக்சர்சைஸ், ராவில பல்லுக் கடிக்கிற பழக்கம் இருந்தா பல் டொக்டர், தேவையெண்டா பிசியோ. கழுத்துக்கே வருத்தம் எண்டு ஸ்கேன் எடுத்த ஆக்கள் கேக்காம கழுத்தை முறிக்கவேண்டாம்.

அடுத்தது குளிசை. எம்.ஆர்.ஐக்குப் போறவையில கனபேர் நாரி நோ, கழுத்து நோ எண்டு டைக்ளோஃபெனக், புரூஃபன் கிழமைக்கணக்கா போட்டுக்கொண்டிருக்கிற ஆக்கள். அந்த வகைக் குளிசையளும், கூடின அளவு அஸ்பிரினும், நீர் போற குளிசை ஃபுரோசமைட்டும், ஜென்டாமைசின் ஊசியும் காதோட விளையாடக்கூடியதுகள். என்னென்ன எடுக்கிறீங்கள் எண்டு ஒரு துண்டில எழுதிக்கொண்டு போய் டொக்டரிட்டக் காட்டுங்கோ. இருதயத்துக்குக் குடுத்த சின்ன அஸ்பிரினை நீங்களா நிப்பாட்டிறேல்லை, சொல்லிப்போட்டன்.

பிறகு ரிப்போட். ஸ்கேன் எடுத்து ரிப்போட் வாற வரைக்கும் மனிசன் படுற பாடு இருக்கே. கட்டியோ, நரம்போ, ஒப்பரேசனோ எண்டு மூளை முழுநேரமும் விழிச்சுக்கொண்டிருக்கும், அந்த நேரம் காதுச்சத்தம் இயல்பாவே பெரிசாக் கேக்கும். ரிப்போட் கையில வந்தாப்பிறகு இரைச்சல் பாதியாக் குறைஞ்சவையையும் எனக்குத் தெரியும்.

வீட்டுக்குள்ள: முழு அமைதிதான் பெரிய எதிரி

காதால வாற சிக்னல் குறைஞ்சா மூளை ரேடியோவின்ர வொல்யூமைக் கூட்டிற மாதிரி தன்ர உணர்திறனைக் கூட்டும் எண்டுதான் இப்ப கனபேர் ஏத்துக்கொள்ளுற விளக்கம், அப்ப உள்ளுக்குள்ள இருக்கிற கரகரப்பும் சேர்ந்து பெரிசாகும். அதால யன்னலைப் பூட்டி, ஃபேனை நிப்பாட்டி, காதைப் பொத்திக்கொண்டு கிடக்கிறது நேர் எதிரான வைத்தியம். மெல்லிய சத்தம் ஒண்டு எப்பவும் அறையில இருக்கட்டும். சீலிங் ஃபேன், ஏசி, போனில மழைச்சத்தம், கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்கள் எண்டா யன்னலைத் திறந்துவிட்டா அலைச்சத்தம் காசில்லாமக் கிடைக்கும், றோட்டுச் சத்தம் அமத்தாட்டி. ரகசியம் என்னெண்டா இரைச்சலை முழுசா மூடுற அளவுக்கு சத்தத்தைக் கூட்டக்கூடாது, இரைச்சல் மெல்லமா கேக்கவும் வேணும், அதோட கலந்து கிடக்கவும் வேணும். முழுசா மூடினா மூளை அதைப் பழகாது, நிப்பாட்டின உடன திரும்பி வந்து நிக்கும்.

இயர்ஃபோனை கொஞ்சநாளைக்கு மூலையில போடுங்கோ. தலைமாட்டில ஒரு குட்டி ஸ்பீக்கர் காணும், 30 நிமிசத்தில நிக்கிற டைமர் வேண்டாம், விடிய மட்டும் ஓடட்டும், ஏனெண்டா ராவு 3 மணிக்கு முழிக்கேக்க அறை அமைதியா இருந்தா அதுக்குப்பிறகு நித்திரை இல்லை. கரண்ட் போற நாடு எங்கடை, 2025 பெப்ரவரி 9 பாணந்துறை சப்ஸ்டேசனுக்குள்ள ஒரு குரங்கு பூந்ததால நாடே இருண்டதெண்டு அமைச்சரே சொன்ன நாடு, ஃபேன் நிண்ட உடன காது கத்தத் துடங்கும், அதால போனில ஒரு மழைச்சத்தம் டவுன்லோட் பண்ணி வையுங்கோ, இன்டர்நெட் தேவையில்லாம ஓடுற மாதிரி.

தேத்தண்ணி கோப்பியை உடன நிப்பாட்டச் சொல்லி கனபேர் சொல்லுவினம். வழமையா குடிக்கிற ஆக்கள் திடீரெண்டு விட்டா தலையிடிதான் மிச்சம். பின்னேரத்துக்குப் பிறகு குறைச்சா நித்திரைக்கு நல்லம், அவ்வளவுதான்.

வெளியில: கொழும்பு கொழும்புதான்

காலி வீதியில பிரைவேட் பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறதை நீங்களும் நானும் நிப்பாட்டேலாது. முதல் கிழமை ரெண்டு கிழமைக்கு உரத்த இடங்களைத் தள்ளிவையுங்கோ, ஸ்பீக்கர் போட்ட கலியாண ஹோல், படம் பாக்கிறது, தவிலுக்கு முன்னால நிக்கிறது, வெடி. ஆடிவேலோ புதுவருசமோ 31ம் திகதி ராவோ அந்த நேரத்தில வந்தா ப்ளக் ஒரு சோடி பொக்கெற்றில இருக்கட்டும்.

ஆனா ப்ளக்கை எந்த நேரமும் போட்டுக்கொண்டு திரியிறதுதான் அடுத்த பொறி. வீட்டுக்குள்ள, கந்தோருக்குள்ள, பாண்காரன்ர ஓட்டோ மியூசிக்குக்கும் கூட ப்ளக் போட்டா காது இன்னும் கூச்சப்படத் துடங்கும், கரண்டி பிளேட்டில படுற சத்தமே குத்தும். பக்கத்தில நிக்கிற ஆளோட கதைக்க கத்தவேண்டி இருந்தா அந்த இடம் உரத்தது, அங்க போடுங்கோ. சாதாரணமாக் கதைக்கக்கூடிய இடமெண்டா கழட்டுங்கோ. பஸ்ஸில ஹோர்ன் பயமெண்டா யன்னல் கரையை விட்டு உள்ள இருங்கோ.

மனசுக்குள்ள

காலமை எழும்பின உடன "இண்டைக்கு எவ்வளவு?" எண்டு காதுக்குள்ள ஒட்டுக்கேக்கிறது, அமைதியான பாத்ரூமுக்குள்ள போய் செக் பண்ணுறது, போனில டெசிபல் ஆப் போட்டு அளக்கிறது, ராவு ராவா கூகிள் பண்ணி ஆருக்கோ இறங்கவே இல்லையாம் எண்டு வாசிக்கிறது, இதெல்லாம் சேர்ந்து மூளைக்கு சொல்லுறது ஒண்டுதான், இது ஆபத்தான சத்தம், விடாமப் பாத்துக்கொள் எண்டு. மூளையும் சொல்லுக்கேட்டுப் பாத்துக்கொள்ளும். செக் பண்ணோணும்போல வந்தா கைக்கு ஒரு வேலை குடுங்கோ, மரக்கறி வெட்டுங்கோ, ஆரையும் கூப்பிட்டுக் கதையுங்கோ, ஆனா காதைப் பற்றிக் கதைக்காதேங்கோ. டயரி எழுதுற ஆக்கள் நாளுக்கு நாள் எழுதாம கிழமைக்கு ஒருக்கா எழுதுங்கோ. ஒரு நாள் குறைஞ்சு அடுத்த நாள் கூடிறது வழமை, நேர்கோட்டில இறங்காது.

இரைச்சல் தாற அந்தரத்தைக் குறைக்க இப்போதைக்கு நல்ல ஆதாரம் உள்ளது சிபிடி எண்ட கதைச்சுச் செய்யிற சிகிச்சைதான். சத்தத்தை அழிக்காது, சத்தத்துக்கும் உங்களுக்கும் இருக்கிற சண்டையைக் குறைக்கும். ஈஎன்டியிட்டயே கேட்டு சைக்கொலஜிஸ்ட் ஒராளிட்டப் போகலாம், அது விசர் எண்ட அர்த்தம் இல்லை. நித்திரையே இல்லாம, உயிரோட இருந்து என்ன எண்ட யோசினை வந்தா விடியட்டும் எண்டு நிக்காதேங்கோ, 1926 தேசிய மனநல உதவி இலக்கம், 1333ம் இருக்கு, வீட்டில ஒராளையும் எழுப்புங்கோ.

காசை எங்க போடக்கூடாது

ஜிங்கோ, சிங், மெலடோனின், "காது விற்றமின்" எண்டு விக்கிற போத்தில்கள். இரைச்சலுக்கு இதுகளை சிபாரிசு செய்யவேண்டாம் எண்டு அமெரிக்க ஈஎன்டி சங்கம் 2014 வழிகாட்டலிலயே எழுதியிருக்கு. பெட்டாஹிஸ்டின் குளிசை எங்கட ஊரில தாராளமா எழுதுவினம், தலைச்சுத்து வருத்தத்துக்கு எழுதுறது வேற கதை, வெறும் இரைச்சலுக்கு அது வேலை செய்யுதெண்டு ஆதாரம் இல்லை எண்டுதான் 2018 கொக்ரேன் ஆய்வுத்தொகுப்பு சொன்னது. டொக்டரோட சண்டைக்குப் போகவேண்டாம், "இது எதுக்கு" எண்டு கேட்டா காணும். ஒடியோகிராமில கேள்விக்குறைவு இருந்தா அப்ப காது மெசினுக்குப் போட்ட காசு வீணில்லை, வெளிச்சத்தம் கூடக் கேட்டா கனபேருக்கு இரைச்சல் பின்னுக்குப் போகும்.

திரும்ப ஸ்கேன் எடுக்கச் சொன்னா

வேண்டாம் எண்டு ஓடாதேங்கோ. தேவையான ஸ்கேனை விட்டா காதை விடப் பெரிய விசயம் தவறிப்போகும். எழுதின டொக்டரிட்ட முதல்ல கேளுங்கோ, சிடி ஸ்கேன் காணுமோ எண்டு. அது இந்தளவு கத்தாது, ஆனா கதிர் இருக்கு, எல்லாத்துக்கும் அது பதிலும் இல்லை. எம்.ஆர்.ஐதான் எண்டா 1.5 டெஸ்லாவில எடுக்க ஏலுமோ, ஸ்கேனுக்கு எழுதுற படிவத்தில காதிரைச்சல் எண்டு எழுதிவிடுங்கோ எண்டு கேளுங்கோ. புக் பண்ணேக்க சத்தம் குறைஞ்ச மோட் இருக்கோ எண்டும் கேக்கலாம், ஜிஈ மெசின்ல சைலன்ட் ஸ்கேன், சீமன்ஸ்ல குவாயட் சூட், பிலிப்ஸ்ல கம்ஃபர்டோன் எண்டு பேர் வேற வேற, எல்லா மெசினிலயும் இருக்காது, இருந்தாலும் நேரம் கொஞ்சம் கூடப் போகலாம்.

ப்ளக்கை நீங்களே கொண்டு போங்கோ. பக்கெற்றில என்ஆர்ஆர் (சத்தத்தை எவ்வளவு குறைக்கும் எண்ட அளவு) 30 பக்கம் போட்ட மெத்தென்ற ஃபோம் சோடி. ஒரு கவனம், சாப்பாட்டு ஃபக்டரியளுக்கு செய்யிற நீல ப்ளக்கில மெட்டல் டிடெக்டருக்காக உலோகம் போட்டிருப்பினம், அதை காந்தத்துக்குக் கிட்டக் கொண்டுபோறேல்லை. போடுற விதம்: விரலுக்கிடையில உருட்டி பென்சில் அளவுக்கு மெல்லிசாக்கி, மற்றக் கையை தலைக்கு மேலால கொண்டுவந்து காதுமடலை மேலயும் பின்னுக்கும் இழுத்து, உள்ள விட்டு, விரிஞ்சு முடியுமட்டும் ஒரு 30 செக்கன் விரலால அமத்திப் பிடிக்கவேணும். சரியாப் போனா உங்கட குரல் உங்களுக்கே கட்டையாக் கேக்கும். அதுக்கு மேல ஹெட்ஃபோன். ரெண்டும் சேர்ந்தா இன்னொரு 5, 10 டெசிபல்தான் குறையும், ஆனா அந்த 5 பெரிசு. தலைக்கு எடுக்கேக்க தலையைச் சுத்தி வைக்கிற கூட்டுக்குள்ள ஹெட்ஃபோனுக்கு இடம் காணாது, அப்ப ப்ளக்குக்கு மேல ஸ்பொஞ்ச் வைச்சு இறுக்கச் சொல்லுங்கோ.

டெக்னீசியனுக்குத் தமிழ் விளங்காட்டி "கன் தெக்கட்டம ப்ளக் தாலா உடின் ஹெட்ஃபோன் எக்கத் தாண்ட புளுவன்த" எண்டு சிங்களத்தில கேளுங்கோ (ரெண்டு காதுக்கும் ப்ளக் போட்டு, மேல ஹெட்ஃபோனும் போட ஏலுமோ எண்டுதான் அர்த்தம்), அனேகமா மாட்டன் எண்டு சொல்லமாட்டினம். அவையளைக் கூப்பிட அமத்தச் சொல்லி கையில தாற ரப்பர் பம்பை சும்மா வைச்சிருக்கிறேல்லை, துடங்கி முதல் சத்தத்திலயே ஒரு ப்ளக் கழண்ட மாதிரி இருந்தா உடன அமத்துங்கோ, நிப்பாட்டி திரும்பப் போட்டுட்டு எடுக்கலாம், அவையளுக்கு அஞ்சு நிமிசம் போகும், போகட்டும். நாடியைத் தளரவிடுங்கோ, பல்லு மேலயும் கீழயும் முட்டாம. ஸ்கேன் திகதியை கலியாண வீட்டுக்கு முதல் நாளோ திருவிழாவுக்கு முதல் நாளோ போடாதேங்கோ, பிறகு ஒரு ரெண்டு நாள் காதுக்கு லீவு இருக்கிற மாதிரிப் பாத்து எடுங்கோ, வீட்டுக்குப் போகேக்க பஸ்ஸில போகாம ஓட்டோ பிடிச்சாலும் பரவாயில்லை, டிரைவரிட்ட பாட்டை மட்டும் குறைக்கச் சொல்லுங்கோ.